பெருவிரல் சுண்ணாம்பு

மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு மூட்டையைத் தோளில் வைத்த பிரைட்டனுக்கு இடது விதையைக் கயிறு போட்டுச் சுண்டி இழுத்தது போலிருந்தது. மூட்டையைப் போட்டுவிட்டுக் குந்தினான். குடித்த டீ வெளியே வந்துவிட்டது.

"உடம்புச் சூடுதாம்ல. பெருவிரல்ல சுண்ணாம்பு வையி," என்றார் மேஸ்திரி செந்தூர்பாண்டி. மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அங்கே சூடுதான். இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு அப்பினார்கள்.

"ஏலே, பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டாளோ?" என்றான் கூட மூட்டை தூக்கும் கிளைட்டன். எல்லாரும் சிரித்தார்கள். பிரைட்டனும் சிரித்தான். தானும் சிரித்ததை நினைத்தால்தான் பிறகு அவனுக்கு ஆத்திரம் வந்தது.

தோணி புறப்படணும், ஆள் குறையக் கூடாது என்று மேஸ்திரி அவனைச் சாக்கு தைக்க உட்கார வைத்தார். பதினொன்றரைக்குத்தான் விட்டார். எதிரே இருந்த கிளினிக்கில் ஒரே பெண்கள் கூட்டம். டாக்டர் கேட்டதும், "வயித்து வலி," என்றான். அவர் கைலியைத் தளர்த்தச் சொல்லவில்லை. சட்டைக்கு மேலேயே அமுக்கிப் பார்த்து, கேஸ் மாத்திரை எழுதினார்.

வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை. மூன்று மணிக்கு மனைவி ஜெனிலா அவனை ஆட்டோவில் அள்ளிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் ஜெபசுதா திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். விதை சிவந்து வீங்கி மேலேறி நின்றது. ஸ்கேனும் எடுத்தார்கள்.

"கிருமின்னா மாத்திரையில அடங்கும். இது உள்ள ரத்தம் கொண்டு போற தண்டு முறுக்கிட்டு, ரத்தம் போகல. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா திருப்பி விட்டிருக்கலாம். இப்ப எட்டு மணி நேரம் ஆச்சு. திறந்து பாப்போம். கெட்டிருந்தா எடுத்துதான் ஆகணும்."

"அப்ப பிள்ளை பிறக்குமா?" என்றாள் ஜெனிலா.

"பிள்ளை பிறக்க ஒரு பக்கம் போதும்மா. அந்தப் பக்கமும் முறுக்காம தையல் போட்டுருவோம்."

கெட்டுத்தான் இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மேஸ்திரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி குனிந்து, "ஒண்ணு இருக்குல்லா, பிறகென்ன?" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றான் பிரைட்டன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஜெனிலா அவன் கையை அமுக்கினாள், உதறினான். "எனக்கு விதை போச்சு. காலையிலேயே விட்டிருந்தா, நானும் டாக்டர்ட்ட வயித்து வலின்னு மழுப்பாம இருந்திருந்தா, இருந்திருக்கும். அங்கன நம்ம ஆளுக எல்லார்ட்டயும் இதே வார்த்தையில சொல்லணும். அடுத்தவனுக்கு வலிச்சா சிரிக்காம ஆட்டோ பிடிக்கச் சொல்லணும். சொல்லுவீயளா?"

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். வாயைத் திறந்தார். 'விதை' என்கிற வார்த்தை மட்டும் வரவில்லை.