பத்தொன்பது வருடம் கழித்து ஒரு சம்மதம்

பங்குத்தந்தை மெற்றில்டாவைத் தனியே உள்ளே கூப்பிட்டு இருபது நிமிடமாகிவிட்டது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த ஞானசீலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன் பதிவாளர் முன்னால் மட்டும் எழுதிய கலியாணத்தைக் கோயிலில் செல்லுபடியாக்க இருவரும் வந்திருந்தார்கள். சற்றுமுன் ஞானசீலனிடம் கேட்ட கேள்வியைத்தான் பங்குத்தந்தை அவளிடமும் கேட்டு, பதிலை எழுதிக்கொள்வார்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் சம்மதிக்கிறாயா?

அன்றைக்கு அவளிடம் யார் கேட்டார்கள்? அது கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகளையும் இயக்கத்தார் சண்டைக்குப் பிடித்துப்போன போர்க்காலம். தாய் பயந்துபோய், ஒரே கிழமையில் அவளை இவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

மெற்றில்டா வெளியே வந்தாள்.

“என்னகா சொன்னாய்?”

“அண்டைக்குப் பயத்திலதான் கட்டினன் எண்டு சொன்னன்.”

அவர் கோயிலுக்கு எதிரே இருந்த வாவிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இப்ப?”

“அதை இன்னும் சொல்லல்ல. பாதரிட்ட அஞ்சு நிமிசம் கேட்டு வந்திருக்கன். முதல்ல நீங்க கேக்கணும்.”

ஞானசீலன் எழும்பி நின்றார். தொண்டையைச் செருமினார்.

“மெற்றில்டா, என்னைக் கட்ட உனக்கு விருப்பமா?”

அவள் அவருடைய மடிந்திருந்த சட்டைக் கொலரை நிமிர்த்திவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“பாதர், ஓம் எண்டு எழுதுங்க!”