முப்பதாவது செல்

தம்பியின் எலும்பு மஜ்ஜை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது அதன்மேல் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அந்த எண் எனக்கு மனப்பாடம். சொந்தக்காரர்களின் மாதிரியை நாமே பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் ஸ்லைடுத் தட்டு, தடிக் கண்ணாடிக்காக நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறவரின் மேசையில் இருந்தது. என்னோடு பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவர்.

"குடுங்க, நான் பாக்குறேன்" என்றேன்.

"வேண்டாம்மா. உனக்கு எதுக்கு இந்த வேதனை?"

"நீங்க எண்ணி முடிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்து முழிக்கிறதுக்கு, நானே எண்ணிக்கிறேன்."

என் வாய்க்குப் பயந்து தட்டைத் தள்ளிவிட்டார்.

எங்கள் பிழைப்பே எண்ணுவதுதான். செல் இரண்டாகப் பிரியப்போகிற நேரத்தில் மருந்து விட்டு அதை அப்படியே நிறுத்திவிடுவோம். அப்போதுதான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். நாற்பத்தாறு இருக்க வேண்டும். நோய் கண்டபோது தம்பியின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் நாற்பத்தைந்துதான். ஏழாம் எண் ஜோடியில் ஒன்றைக் காணோம். அந்தச் செல்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை, பிரிந்துகொண்டே போயின.

ஏழு மாதத்துக்கு முன் என் மஜ்ஜையை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். இப்போது அவன் மஜ்ஜையில் என் செல்கள்தான் இருக்க வேண்டும்: பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணின் ஒய் தென்பட்டால் அது அவனுடைய பழைய செல். "இனிமே நான் எரிஞ்சு விழுந்தா என்னைத் திட்டாத, அது அக்கா ரத்தம்" என்று பெண்டாட்டியைச் சீண்டிக்கொண்டிருந்தான், படவா.

இருபது செல் எண்ண வேண்டும். பத்தொன்பது வரை என் செல்தான், நானேதான். இருபதாவதில், ஓரமாக, பொடியாக ஒரு ஒய். எண்ணினேன். நாற்பத்தைந்து. ஏழில் ஒன்று இல்லை.

ஸ்லைடு செய்யும்போது ஒரு குரோமோசோம் சிதறிப் போயிருக்கலாம். அதனால் ஒன்று குறைந்த செல் மூன்று கிடைத்தால்தான் நோய் என்று எழுதுவோம். சந்தேகம் வந்தால் இன்னும் பத்து எண்ண வேண்டும். எண்ணினேன். இருபத்து நான்காவது அவன், அதிலும் நாற்பத்தைந்து. அப்புறம் வரிசையாக நான், நான், நான். இருபத்தொன்பதோடு எழுந்துவிடலாமா என்று இருந்தது. வேறு யாருடைய மாதிரியிலும் நான் அப்படி நினைத்ததில்லை.

முப்பதாவதில் ஒய் இருந்தது. நாற்பத்தாறு வரும்வரை எண்ணுவது என்று அடம்பிடித்து ஐந்து தடவை எண்ணினேன். வரவில்லை. சோடாபுட்டி வந்து குனிந்து பார்த்தார். என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

கைப்பேசி அடித்தது. தம்பிதான்.

"எண்ணிட்டியாக்கா? உள்ள எல்லாம் நீதானே?"

முப்பதாவது செல்லை இன்னொரு தடவை எண்ண ஆரம்பித்தேன்.

"சொல்லேன்."

"இருபத்தேழு நான்டா."

"மிச்சம்?"

"மூணு... நீ."

வழக்கம்போலக் கிண்டலாகத்தான் ஆரம்பித்தான், குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

"இருபத்தேழு பேர் இருந்தும் என்னை அடக்க முடியலையாக்கா உன்னால?"

"முடியலடா" என்றேன்.