வீட்டுக்காரர்

யாராவது எங்கள் அறைக்கு வந்தால் ஜனார்த்தனன் என்னைக் காட்டி, "இவர்தான் என்ரை வீட்டுக்காரர்" என்பான். வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர்தான், பெண்கள் புருசனைச் சொல்வதும் வீட்டுக்காரர்தான். வந்தவர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டு எனக்கு மரியாதை தருவார்கள். அவனுடைய அண்ணன் அருட்பிரகாசமும் அப்படித்தான். அவர்கள் போனபின் ஜனா விழுந்து விழுந்து சிரிப்பான்.

2014இல் இங்கே பிரான்சில், நகரசபையில் நானும் ஜனாவும் பதிவுத் திருமணம் செய்தோம். தமிழ்ச்சனம் கூடுகிற லா சப்பலில் ஒருவருக்கும் சொல்லவில்லை. இலங்கையில் எங்களைச் சிறையில் போடச் சட்டம் இருக்கிறது. இங்கே அந்தச் சட்டம் இல்லை, சனம் இருக்கிறது.

போன வருடம் வேலை செய்த உணவகத்துக் குசினியில் ஜனா விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகமுன்னரே உயிர் போய்விட்டது. "கணவர் யார்?" என்று மருத்துவர் கேட்க, நான் எழுந்தேன். புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் இருந்த அருட்பிரகாசத்துக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

மறுநாள் என்னை கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வரச்சொன்னார்.

"அம்மா முகம் பாக்கவேணுமெண்டு கத்துறா. உடம்பை யாழ்ப்பாணம் அனுப்ப நீர்தான் சம்மதிக்கவேணுமாம். சம்மதியும் தம்பி."

மறுத்திருக்கலாம். சட்டம் என் பக்கம். நான் அகதி, இலங்கை தவிர எந்த நாட்டுக்கும் போகலாம். அவனை அனுப்பினால் கொள்ளி வைக்கிற இடத்தைக்கூட நான் காணமாட்டேன். ஆனால் பெற்றவளிடம் எப்படி மறுப்பது?

"அனுப்புங்கோ அண்ணை. மரண அறிவித்தலிலை மட்டும் எனக்கொரு உறவு போடுங்கோ."

"என்னெண்டு போடுறது? புருசன் எண்டோ? ஊர்ச்சனம் அம்மாவைச் சும்மா விடுமோ?"

நான் கையெழுத்து வைத்தேன். பெட்டி விமானம் ஏறியது.

ரூ பெர்தொனே தெருவில் பலசரக்குக் கடைக் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பாசமிகு மகன், அன்புச் சகோதரன், மைத்துனன், சித்தப்பா. எல்லா உறவும் இருந்தது, கணவன் இல்லை. அடியில் என் பெயர், தொடர்புகளுக்கு: குகதாசன் (வீட்டுக்காரர்), பிரான்ஸ்.

மறைக்கப் போட்டாரோ, மனமிரங்கிப் போட்டாரோ, அருட்பிரகாசத்துக்குத்தான் வெளிச்சம். எனக்குச் சிரிப்பு வந்தது. சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

கடைக்கார சிவனேஸ்வரி அக்கா வெளியே வந்தார். "பாவம். உம்மடை வீட்டிலை வாடகைக்கு இருந்த பொடியனே, தம்பி?"

"இல்லை அக்கா. அவர்தான் என்ரை வீட்டுக்காரர்."

"அப்ப மாறி அச்சடிச்சுப்போட்டாங்கள்." கதவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயோ, இனி நீர் எங்கை இருக்கப்போறீர்?"

"தெரியேல்லை அக்கா," என்றேன்.