சூடு தாங்கிய உமரி

எண்ணூர் கழிமுகத்தில் பறித்து வந்த, உப்புநீரில் வளரும் உமரிச் செடிகள் ஆய்வு மாணவி ஷெர்லினைப் பாடாய்ப் படுத்தின. ஆலைக் கழிவுநீர் கலக்கும் கரையில் முளைத்த செடி தளதளவென்று இருந்தது. கடலோடு சேரும் முகத்துவாரத்துச் செடியோ சோனியாக இருந்தது.

செடி தவிக்கும்போது அதற்குள் நச்சு சேரும். அதை உடைக்க ஒரு நொதி உண்டு. செடியின் சாற்றில் பெராக்சைடு சொட்டினால் நுரை பொங்கும். நொதி வேலை செய்கிறது என்று அர்த்தம். முகத்துவாரச் சாறு பொங்கியது. செழித்த செடியின் சாற்றிலோ பேருக்குச் சில குமிழிகள்.

"குப்பில சீட்ட மாத்தி ஒட்டிட்டியாடி?" என்றாள் ஆய்வகத் தோழி ஜெமிமா.

மாற்றவில்லை. அந்த நொதிக்கான மரபணுவையும் பார்த்தார்கள், இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. நொதி வேலை செய்யாமல் கழிவுநீரில் செடி எப்படிச் செழிக்கும்?

முதல் முறை கழிமுகத்துக்கு அழைத்துப் போன மீனவர் செல்வத்தின் படகில் ஷெர்லின் மறுபடியும் ஏறினாள்.

"இன்னாம்மா, மறுக்கா அதே செடியா?" என்றார் அவர்.

"போன தபா ஏதோ குளறுபடிண்ணா."

"செடி பச்சையா கீது, அதனால தண்ணி நல்லாயிடுச்சுன்றாங்களே, மெய்யா?"

"தெரியலண்ணா. செடிக்குள்ள இன்னா நடக்குதுன்னே எனக்குப் புரியல."

"நல்லாயிருந்தா வலையில எறா ஏன் வர மாட்டேங்குது?" என்று முனகியபடி படகைக் கழிவுநீர்க் கரையில் அணைத்தார்.

இம்முறை வேரோடு பிடுங்கச் செடியின் அடியில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆலையிலிருந்து வந்த தண்ணீர் அப்படிச் சுட்டது. அவளோ இந்தச் செடியின் சாற்றை ஏசி அறையில் வைத்தல்லவா சோதித்துக்கொண்டிருந்தாள்!

ஆய்வகம் திரும்பியதும் இரண்டு சாறுகளையும் வெந்நீரில் வைத்துச் சூடேற்றிப் பெராக்சைடு சொட்டினாள். கழிவுநீர்க் கரைச் சாறு குழாயை மீறிப் பொங்கி மேசையில் வழிந்தது. மற்றது வெந்த முட்டை வெள்ளைபோல் கலங்கிக் கிடந்தது; நொதியின் வடிவமே குலைந்துவிட்டது. இறுக்கமாக மடிந்த நொதி சூட்டைத் தாங்கும், குளிரில் விறைத்துச் சும்மா கிடக்கும். அவ்வளவுதான் சங்கதி.

உடனே செல்வத்துக்குப் போன் போட்டாள். "தண்ணி நல்லாவலண்ணா. செடிதான் சூட்டுக்குப் பழகிகினு கீது."

ஜெமிமா கைதட்டினாள். ஷெர்லினின் முகம் மட்டும் தெளியவில்லை.

"ஒரே மரபணு, ஜெமி. அப்புறம் எப்படி ஒண்ணு இறுக்கமா, ஒண்ணு தளர்வா மடிஞ்சுது?"

புத்தகங்களில் தேடினார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணம் சொன்னது.

சூடுதான் நொதியை இறுக்கி மடிக்கிறதா என்று பார்க்க, கடைசியில் ஷெர்லின் முகத்துவாரச் செடி ஒன்றைச் சுடும் உப்புநீரில் நட்டாள். அது பழகுமா, சாகுமா என்று அவளால் ஊகிக்கக்கூட முடியவில்லை.