நான்காம் நம்பர் மெஷினின் வேகம்

முகம் தெரியாதவனோடு இண்டர்நெட்டில் சண்டை போடுவதில் எனக்கு ஒரு குஷி உண்டு. கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்புக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் நாலு வருஷம் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். சீசன் முடிந்தால் கடைக்குள் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. எனக்கோ வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. அந்தக் குஷிதான் சுரேந்திரன் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

சுரேந்திரன் ஏரிப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்தவன். வயது இருபத்திரண்டு. இலங்கை எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறாள். முடியாது என்பதை அவன் 'ஏலாதுக்கா' என்பான், நான் கேலி செய்வேன், சிரித்துக்கொள்வான். மதியம் ஒரு கூட்டம் அறையைக் காலி செய்து அடுத்த கூட்டம் வருவதற்குள் கிடைக்கிற நேரத்தில் நேராக எங்கள் கடைக்கு வந்து நான்காம் நம்பர் மெஷினில் உட்காருவான்.

எங்களிடம் இருந்ததிலேயே கிழட்டு மெஷின் அது. மெயில் பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் கொடுத்தால் திட்டுவார்கள். அதனால் ஓனர் மரியசூசை ஒரு சட்டம் போட்டிருந்தார்: கேம் ஆடுவதென்றால் நான்காம் நம்பரில் மட்டும்தான். ஒரு ஜப்பான்காரர் அதன் டிரேயில் ஒரு சிடியை மறந்துவிட்டுப் போனார். போட்டுப் பார்த்தோம். வெள்ளைக் கொக்கு மாதிரி ஒரு விமானம், எதிரே திரை முழுக்க ரோஸ் நிறக் குண்டுகள். ஒரு குண்டு பட்டாலும் போச்சு. ஒரு காசுக்கு மூன்று கொக்கு. தீர்ந்தால் இன்னொரு காசு போட்ட கணக்கில் ஒரு பட்டனைத் தட்டித் தொடரலாம். அப்படித் தட்டாமல் முதல் காசிலேயே கடைசிவரை போவதுதான் கௌரவமாம். சுரேந்திரன் ஐந்து மாதத்தில் அதைச் செய்தான். பிறகு பதினோரு தடவை செய்தான்.

இந்த ஆட்டத்தைப் பற்றியே பேசுகிற ஒரு தளம் இருந்தது. அமெரிக்காக்காரன், பிரேசில்காரன், பிரெஞ்சுக்காரன் என்று ஆளாளுக்கு அபிப்பிராயம். மூன்றாம் கட்டம் அநியாயம் என்று ஒருவன், இல்லை அதுதான் அழகு என்று இன்னொருவன். சுரேந்திரனுக்கு இங்கிலீஷ் வராது. தினமும் டீயோடு உட்கார்ந்து நான் தமிழில் வாசித்துக் காட்டுவேன், அவன் சொல்வதை இங்கிலீஷில் தட்டுவேன். கெட்ட வார்த்தை வந்தால் விழுங்கிவிடுவேன். அங்கே ஆரம்பித்தது என் கெட்ட பழக்கம்.

ஒருநாள் அவன் சொன்னது இவ்வளவுதான்: கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் குண்டுக்கு நடுவில் வழி தெரியும் என்று எழுதுங்கள். நான் எழுதியது: "என் நண்பன் ஒரே காசில் பதினோரு முறை முடித்தவன். மூன்றாம் கட்டத்துக்கே அழுகிறவர்கள் வேறு சோலியைப் பாருங்கள்." ஆதாரம் காட்டு என்று பிடித்துக்கொண்டார்கள். விடுவேனா? ஸ்டூடியோ வைத்திருக்கும் ஆக்னலிடம் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கி, அவன் ஆடுவதை முழுக்கப் படம் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பூராவும் தளத்தில் ஏற்றினேன்.

செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டு பதில்கள் வந்திருந்தன. முதல் பதிலே, பாட்டு ஏன் இழவு வீடு மாதிரி இழுக்கிறது என்று கேட்டது. முதல் கட்டம் இரண்டு நிமிஷத்தில் முடிய வேண்டும், உங்களுக்கு மூன்றரை நிமிஷம் ஆகிறது என்று ஒருவன் கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதியிருந்தான். மெஷினுக்குத் தெம்பு இல்லை, ஆட்டம் பாதி வேகத்தில் ஊர்கிறது, இப்படி ஊர்ந்தால் யார்தான் முடிக்க மாட்டார்கள் என்று இன்னொருவன். ஏமாற்றுக்காரன் என்று பத்துப் பேர். "பாவம், அவனுக்கே தெரியாமல் இருக்கலாம், விட்டுவிடுங்கள்" என்று ஒரே ஒருவன். அதைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பு கூசியது. அந்த இழுவைப் பாட்டைத்தான் நாங்கள் இருவரும் மாதக்கணக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தோம்.

சுரேந்திரன் டீயை வைத்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள் என்றேன். அப்படி ஒருவன் எழுதியும் இருந்தான், நக்கலாக.

மறுநாள் அவன் வரவில்லை. வியாழக்கிழமை புதுச் சட்டையில் வந்தான். கோயம்புத்தூரில் புதிதாக ஒரு கேம் சென்டர் திறக்கிறார்களாம், மெஷின்களைப் பார்த்துக்கொள்ள நன்றாக ஆடத் தெரிந்த ஆள் வேண்டுமாம். போன் செய்து இந்த ஆட்டத்தை ஒரே காசில் முடித்தவன் என்று சொல்லியிருக்கிறான். அந்த ஆட்டம் எங்களிடமே இருக்கிறது, சனிக்கிழமை வந்து ஆடிக் காட்டு என்றிருக்கிறார்கள். மே மாதம், சீசன். மேனேஜர் லீவு கிடையாது என்று சொல்ல, இவன் வேலையே வேண்டாம் என்று சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். வெளிநாட்டுக்காரனே அப்படிச் சொன்ன பிறகு என்ன பயம் என்று என்னிடமே கேட்டான்.

அன்றைக்கும் சொல்லவில்லை. கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை மரியசூசை வத்தலக்குண்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சிடியை அவருடைய புது மெஷினில் போட்டு, சுரேந்திரனை அதில் உட்கார வைத்தேன். ஒரு தடவை இதில் ஆடிப் பார் என்றேன்.

பாட்டு தொடங்கியதும் அவன் புருவம் சுருங்கியது. கல்யாண வீட்டு மேளம் மாதிரி பாய்ந்தது அந்தப் பாட்டு. ஒரு நிமிஷம் ஆகவில்லை, மூன்று கொக்கும் போயின. மறுபடி ஆடினான். மறுபடியும். நான்காவது தடவை கையை எடுத்துவிட்டான்.

"இது கெட்டுப் போயிருக்குக்கா. ரொம்ப வெரசா ஓடுது."

"இல்ல சுரேந்திரா. இதுதான் அதோட வேகம். நம்ம நாலாம் நம்பர்தான் மெதுவா ஓடுச்சு."

அவன் நான்காம் நம்பரைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"நான் சாவிய வச்சது புதன்கிழமைக்கா."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அந்த இருபத்திரண்டு பதில்களையும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னான், ஒன்றையும் விழுங்காமல். வாசித்தேன். ஏமாற்றுக்காரன் என்று வந்த இடத்திலெல்லாம் ஏமாற்றுக்காரன் என்றே வாசித்தேன். பாவம் என்று எழுதியவன் வந்தபோது மட்டும் அதை இன்னொரு தடவை கேட்டான். முடிந்ததும் ஒரு பதில் எழுத வேண்டும் என்றான். கோயம்புத்தூருக்கு மட்டும் போகாதே, மேனேஜரிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். அது காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எழுதுங்க. நான் யாரையும் ஏமாத்தல. எனக்கு வாசிச்சுக் காட்டுனவங்கதான் என்னைய ஏமாத்திட்டாங்க."

அக்கா என்று சொல்லவில்லை. தட்டி முடிக்கும்வரை என் தோளுக்குப் பின்னால் நின்றான். இங்கிலீஷ் அவனுக்குத் தெரியாது, நான் எதை எழுதினாலும் நம்பியாக வேண்டும். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதி, அவன் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

"சொன்னதத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.