பதினைந்து நிமிடம் முன்னால்

மயக்கம் தெளியும் அறையில் எட்டுக் கட்டில்கள். அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்கள் கண்ணைத் திறந்ததும் முதலில் கூரையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னை. பதினாறு வருடமாக அப்படித்தான். சிலர் அம்மா என்பார்கள். சிலர் பெண்டாட்டி பெயரைச் சொல்வார்கள். ஒருவர் என்னைத் தன் மேலதிகாரி என்று நினைத்து மூன்று நாள் லீவு கேட்டார். கொடுத்தேன்.

மயக்க டாக்டரும் நானும் அந்தப் பதினாறு வருடமும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் கதவருகில் நின்று புருவத்தை உயர்த்துவார். நான் தலையை ஆட்டினால் நோயாளி வார்டுக்குப் போகலாம். வீட்டில் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் என் கணவர், "என்ன யோசனை?" என்று மூன்று தடவையாவது கேட்டுவிடுவார். டாக்டர் ஒரு தடவையும் கேட்டதில்லை. அவருக்கும் எனக்கும் நடுவே இருந்த அந்தப் பேச்சில்லாமையை என் சொந்தச் சொத்துபோல வைத்திருந்தேன்.

அவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு, வலி தெரியாமல் இருக்கத் தொடையில் நரம்பை மரக்க வைக்கும் ஊசி போடுவார்கள். அதில் பழைய மருந்து நல்லதா, புது மருந்து நல்லதா என்று பார்க்க வேண்டும். யாருக்கு எது போனது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். எங்கள் யாருக்கும் தெரியாது. வலியை எண்ணாகக் கேட்டு எழுதுவதுதான் வேலை. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து.

"உங்களைவிட இதை யார் நல்லா கேக்கப்போறா சிஸ்டர்?" என்றார் டாக்டர். கட்டுரை அச்சாகும்போது என் பெயரும் அதில் இருக்கும் என்றார். அன்றைக்கு பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினேன்.

மறுமாதம் அவள் வந்தாள். ஆராய்ச்சிக்கென்றே எடுத்த நர்ஸ். என்னைவிட இருபது வயது சின்னவள். நெஞ்சோடு எப்போதும் ஓர் அட்டையை அணைத்துக்கொண்டு நடந்ததால் நோயாளி வண்டி தள்ளுகிறவர் அவளுக்கு 'அட்டை' என்றே பெயர் வைத்தார். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டால்தான் எண்ணை நம்ப முடியும் என்று மேலே யாரோ சொல்லிவிட்டார்களாம். ஒவ்வொரு மணிக்கும் நான் கேட்பேன். பதினைந்து நிமிடம் கழித்து அவள் கேட்பாள். அவளிடம் சொல்லும் எண் நாலுக்கு மேல் போனால் வலியை அடக்கும் மார்ஃபின் ஊசி கொடுக்க வேண்டும் என்பது விதி. என் எண் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். அதாவது நான் சாட்சி, அவள் தீர்ப்பு.

எனக்கு அட்டை எதுவும் தேவைப்பட்டதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். "ரொம்ப வலிக்குதா? ஒரு ஏழு இருக்குமா?" என்பேன். ஆமாம் என்பார்கள். அவள் கேட்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எண்கள் போட்ட அட்டையைக் கண் முன்னால் பிடித்து, "இப்போ வலி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு மரம்போல நிற்பாள். நோயாளி கூரையைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், கண்ணை மூடுவார். அவள் நின்றுகொண்டே இருப்பாள். பேசத் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது நோயாளிகள் முடிந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் கணினி முன்னால் கூப்பிட்டார்.

"உங்க நம்பர் எல்லாம் ஆறு, ஏழு. இவ நம்பர் ரெண்டு, மூணு. அதே ஆளு, அதே கட்டில். எப்படி?"

டாக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா ஒருத்தர் நம்பரைத்தான் வெச்சுக்க முடியும். ஒருத்தர் பேரைத்தான் போட முடியும்."

அது கூட என்னை அவ்வளவாகத் தைக்கவில்லை. 'உங்க' என்றும் 'இவ' என்றும் சொன்னாரே, அதுதான் தைத்தது. பதினாறு வருடம் எனக்குக் கிடைத்த மரியாதை, ஒரு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த உரிமைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

வெளியே வண்டிக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். "என்ன சிஸ்டர், முகம் கறுத்துக் கிடக்கு? வயித்தெரிச்சல் பத்துக்கு எவ்வளவு?"

"உங்க வண்டிச் சக்கரம் கத்துது. அதுக்கு எண்ணெய் போடுங்க முதல்ல."

"சக்கரம் கத்துனா எண்ணெய் போடலாம்," என்றார் அவர்.

மறுநாள் முதல் நான் ஒரு காரியம் செய்தேன். மணிக்கு என் எண்ணை எழுதிவிடுவேன். அவள் வருவதற்குச் சரியாக இரண்டு நிமிடம் முன்னால் கட்டிலருகே திரும்பப் போய், "முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நீட்டுங்க, ரத்தம் ஓடட்டும்," என்பேன். பொய்யில்லை, மூட்டு மாற்றியவர்கள் அதைச் செய்யத்தான் வேண்டும். எப்போது செய்ய வேண்டும் என்பதை மட்டும் நான் முடிவு செய்தேன். அவள் வந்து அட்டையைப் பிடிக்கும்போது நெற்றியில் வியர்வை இருக்கும். ஆறு என்பார்கள், ஏழு என்பார்கள். அவள் எழுதி, விதிப்படி மார்ஃபின் கொடுப்பாள். நான் தள்ளி நின்று திரைச்சீலையைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.

ஒன்பது பேர். டாக்டர் கணினியைப் பார்த்து, "இப்போ ரெண்டு பேர் நம்பரும் சேருது," என்றார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பழைய மாதிரி. நான் தலையை ஆட்டினேன்.

பத்தாவது ஆள் ஒரு பஸ் டிரைவர். கழுத்தே இல்லாதது போன்ற கனத்த உடம்பு. அறுவை அரங்குக்குப் போகும் முன் படிவம் நிரப்பியபோது அவர் மனைவிதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"குறட்டை உண்டா?"

"குறட்டையா? பஸ் மேடு ஏறுற மாதிரி இருக்கும் சிஸ்டர். நடுவுல ஒரு நிமிஷம் நின்னு போயிடும். நான்தான் முழங்கையால இடிச்சு மறுபடி கிளப்பணும்."

"உன் கொறட்டையை யாரு எழுதுறது?" என்றார் டிரைவர்.

சிரித்துக்கொண்டே எழுதினேன். தூக்கத்தில் மூச்சு நிற்கும் என்பது என் கையெழுத்தில்தான் இருந்தது.

பகல் மூன்று மணிக்கு அவர் என்னிடம் ஏழு என்று ஒத்துக்கொண்டார். மூன்று பதின்மூன்றுக்குக் காலை மடக்கச் சொன்னேன். நல்ல மனிதர், பிரேக் மிதிக்கிற மாதிரி முழுதாக மடக்கி நீட்டினார். மூன்று பதினைந்துக்கு அவளிடம் எட்டு என்றார். அவள் மார்ஃபின் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

காலை ஆட்டியதால் வந்த வலி, காலை நீட்டிப் படுத்ததும் பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. மருந்து அடங்கவில்லை. வலி இருக்கும்வரை அது மனிதனைத் தட்டித் தட்டி விழிப்பாக வைத்திருக்கும். அது போன பிறகு மருந்து மட்டும் தனியாக உடம்பில் உட்கார்ந்திருந்தது. குறட்டை தொடங்கியது. பிறகு நின்றது.

ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி கத்தும் முன்பே எனக்குக் காதில் விழுந்துவிட்டது, அந்த நின்றுபோன குறட்டை. ஓடிப்போய்த் தாடையைத் தூக்கிப் பிடித்தேன். உதடு நீலம். "மூச்சு இழுங்க! டிரைவர் ஐயா, இழுங்க மூச்சை!" அவள் ஆக்சிஜன் முகமூடியைக் கொண்டுவந்தாள். டாக்டர் வந்து மார்ஃபினை முறிக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நிமிடத்துக்கு ஐந்தாக இருந்த மூச்சு எட்டாயிற்று. பிறகு பத்து. டிரைவர் கண்ணைத் திறந்து, "ஸ்டாப் வந்துருச்சா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் அவளிடம் திரும்பினார். "எட்டுன்னு எழுதியிருக்க. எட்டு வலி இருக்குறவர் பத்து நிமிஷத்துல இப்படித் தூங்குவாரா? ஒழுங்காக் கேட்டியா நீ?"

"கேட்டேன் சார். எட்டுன்னுதான் சொன்னார்."

"அப்போ புது மருந்துதான் காரணமா? உறையைப் பிரிச்சுப் பாக்கணும். அதுதான்னா இன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்தியாகணும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தை ஒரு மாதமாக நான் மனதுக்குள் வரைந்து வைத்திருந்தேன். இதோ கிடைத்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. சொல்லுங்கக்கா, அவர் எட்டுன்னு சொன்னாரா இல்லையா?"

என் விரல்கள் இன்னும் டிரைவரின் தாடைக்குக் கீழே இருந்தன. அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு மூச்சு எண்ணினேன். பன்னிரண்டாவது வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தில் எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"சொன்னார்," என்றேன். "நான் அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி காலை மடக்க வெச்சேன். இவருக்கு மட்டும் இல்ல. இதுக்கு முன்னாடி ஒன்பது பேருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். புருவம் அசையவில்லை. "ஏன் சிஸ்டர்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்படிக் கேட்காமலிருப்பதைத்தான் பதினாறு வருடம் நான் கொண்டாடினேன். அன்றைக்கு அது கதவைச் சாத்துவதுபோல இருந்தது.

"பத்து பேரையும் கணக்குலேர்ந்து எடுத்துடு," என்றார் அவளிடம். என்னிடம், "நாளையிலேர்ந்து நீங்க படிவத்தைத் தொட வேண்டாம். மத்ததை மேலிடம் பாத்துக்கும்," என்றார். உறையைப் பிரிக்கவில்லை. ஆராய்ச்சி பிழைத்தது.

வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். அழுத கண்.

"பத்து பேரும் வேர்த்திருந்தாங்கக்கா. ஏன்னு நான் கேட்டிருக்கணும். என் தப்பும் இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தப்பில் பங்கு கேட்டு வந்து நிற்கிறாள். அந்த நல்ல குணத்தையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"நாற்பது பேர்ல எனக்கு ஏன் ஏழு வந்துச்சு? உனக்குத் தெரியுமா?" என்றேன்.

அவள் தன் செருப்பைப் பார்த்தாள். "நீங்க கேக்கும்போதே ஏழுன்னு நீங்களே சொல்லிடுறீங்கக்கா. மயக்கத்துல இருக்குறவங்க. உங்களை எதுத்துப் பேச மாட்டாங்க."

"முதல் நாளே தெரியுமா?"

"முதல் வாரமே."

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"அக்காகிட்ட சொல்லிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க என்கிட்ட பேசவே இல்லையே."

வீட்டில் கணவர் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை, "ஒண்ணுமில்ல," என்றேன். அவர் விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் நோயாளி வந்தார். தையல்காரர், ஒல்லியானவர். கண் திறந்தார். கூரை, அப்புறம் நான். கையில் படிவம் இல்லை. கேட்க வேண்டிய வேலையும் எனக்கில்லை. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"வலி எவ்வளவு இருக்கு?"

அவர் புருவம் சுருங்கியிருந்தது. ஏழு என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். நின்றேன். அவர் கூரையைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், ஊசி பிடிக்கிற விரல்கள் இன்னும் இருக்கின்றனவா என்பதுபோல. இவ்வளவு நேரம் ஆகுமென்று எனக்குத் தெரியாது. பதினாறு வருடத்தில் ஒருவரையும் இவ்வளவு நேரம் விட்டதில்லை.

"ரெண்டு," என்றார்.

பதினைந்து நிமிடம் கழித்து அவள் அட்டையோடு வந்தாள். கேட்டாள், காத்திருந்தாள். அவர் ரெண்டு என்றார். அவள் எழுதிக்கொண்டாள், டாக்டர் கதவருகில் நின்று அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், அவள் தலையை ஆட்டினாள்.

நான் திரைச்சீலையைச் சரிசெய்தேன். அந்த ரெண்டைத் தையல்காரர் என்னிடம்தான் முதலில் சொன்னார்.