பல் நிறத்தில் அடைத்தது

என் சொத்தைப் பல்லுக்குள் இறங்குவதற்கு முன் டாக்டர் தேன்மொழி செருப்பைக் கழற்றி என் கீழுதட்டில் வைத்தார். சொத்தை ஆழமாக இருந்தால் அப்படித்தான். வெளியிலிருந்து சுரண்டினால் போதாது.

"வாய மூடிராதீங்க," என்றார். டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நர்ஸ் ஜெபமணி என் தலைமாட்டில் நின்றாள். நிறம் பார்க்கும் மாதிரிப் பல் வரிசையை என் பல்லருகே பிடித்து, அதே வெள்ளையில் அடைக்கும் பசையை எடுத்து வைத்தாள்.

உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அது தள்ளிப் போனது.

"ஜெபா, இங்க ஒரு வராந்தா இருக்கு," என்று டாக்டரின் குரல் வந்தது. "பெஞ்சுல ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"எதுக்கு மேடம்?"

"தெரியல. எல்லாரும் வாயத் திறந்து வச்சிருக்காங்க."

அதன்பின் குரல் வரவில்லை.

எனக்குத் தாடை நடுங்கியது. பல்லோடு பல் மோதினால் அவர் என்ன ஆவார்? இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா வர நேரமாவும்," என்றாள் ஜெபமணி. "அடைச்சிரலாமா?"

வேண்டாம் என்று சொல்ல உதடுகள் சேர வேண்டும். "ஆ," என்றேன்.

"சரி."

பசையை வைத்து அழுத்தினாள். நீல விளக்கைக் காட்டினாள். பசை இறுகியது.

அப்போது டாக்டரின் கணவர் செல்லையா வந்தார். மனைவியைச் சாப்பிடக் கூட்டிப்போக வந்தவர்.

"தேனு எங்க?"

ஜெபமணி என் வாயைக் காட்டினாள். அவர் குனிந்தார்.

"எந்தப் பல்லு?"

அவளும் குனிந்து பார்த்தாள். "தெரியல சார். நிறம் அப்படியே சேந்துட்டு."

எனக்கும் தெரியவில்லை. ஊசி போட்டதில் வாய் முழுக்க மரத்திருந்தது.

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஒரு கம்பியை எடுத்து என் முன்பல்லைத் தட்டினார்.

"தேனு."

உள்ளிருந்து திருப்பித் தட்டினார்கள்.

அவர் முகம் மலர்ந்தது. சந்தேகத்துக்கு அடுத்த பல்லையும் தட்டினார். அதிலும் தட்டினார்கள். அதற்கடுத்ததிலும். பிறகு அவர் தட்டாத பற்களிலிருந்தும் தட்ட ஆரம்பித்தார்கள். என் மண்டை முழுக்க அந்தச் சத்தம்.

அவர் கம்பியை வைத்துவிட்டு பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார்.

"ஒண்ணொண்ணா பாத்திருவோம்," என்றார்.

ஜெபமணி என் கைகளை விலக்கிவிட்டு, தாடையைத் தானே பிடித்துக்கொண்டாள்.